கோவிந்தன் கடைக் கறி

"கடைக்காரன் மூஞ்சியப் பாக்காத," என்றார் நஞ்சப்பன். "வாலப் பாரு."

"வாலுங்களா மாமா?" என்று கேட்டாள் சோபனா.

"வாலுதான். தோல் மொத்தமும் உரிச்சுத் தொங்கவிட்டாலும், நாணயமான கடைக்காரன் வால்ல மட்டும் முடிய விட்டு வெச்சிருப்பான். வெள்ளாட்டு வால் குட்டையா, மேல தூக்கிட்டு நிக்கும். செம்மறி வால் தொங்கிக் கெடக்கும். ஜனங்க பாத்து வாங்கட்டும்னு வுட்டு வெக்கிறது."

"வால் இல்லாட்டிங்க?"

"வாசல்லயே திரும்பி வந்துரு."

"செம்மறியா இருந்தா என்னங்க மாமா?"

நஞ்சப்பன் மருமகளைப் பார்த்தார். இங்கிலீஷில் பட்டம் வாங்கிய பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்கிற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது.

"அது கறி இல்ல கண்ணு. கம்பளி."

"வேற எதாச்சும் கேக்கணுங்களா?"

"நீ ஒண்ணும் கேக்க வேணாம். 'நஞ்சப்பன் மருமவ'ன்னு ஒரு வார்த்த சொல்லு. தொடை, நெஞ்செலும்பு, ஈரல் ஒரு துண்டு, எல்லாம் அவனே பாத்துப் போடுவான்."

"சொல்லாட்டிங்க?"

"சொல்லாட்டி கழுத்தப் போடுவான்."

அது புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாதம் வாயைக் கட்டிப்போட்டிருந்த தர்மபுரி நகரம் மொத்தமும் அன்று காலை ஆறு மணிக்கே கறிக்கடை வாசலில் நின்றது. வழக்கமாக அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நிற்கும் நஞ்சப்பன், குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டியில் கம்பி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். மகன் குருவுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை. அந்த வாரம் அவனுக்கு ஞாயிறும் ஷிப்ட். நஞ்சப்பனின் மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. எனவே ஒயர்க்கூடை மருமகள் கைக்கு வந்தது.

சோபனா தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள். நாற்பது பிள்ளைகள் முன்னால் எழும்பும் குரல், நாற்பது ஆண்கள் முன்னால் எழும்பவில்லை. வாலைப் பார்த்தாள், முடி இருந்தது, மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் 'நஞ்சப்பன் மருமவ' என்கிற வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை. கழுத்தும் ஜவ்வுமாக ஒரு கிலோ வாங்கி வந்தாள்.

மறு வாரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள். கடைக்காரர் ஓங்கிய கத்தியை அப்படியே நிறுத்தி, "எந்த நஞ்சப்பன்மா?" என்றார். பின்னால் நின்ற ஒருவர், "கண்டக்டருப்பா, எடை போடறப்ப முள்ளையே பாத்துக்கிட்டு நிப்பாரே," என்று நினைவுபடுத்தினார். "ஓ, அவரா," என்றார் கடைக்காரர். அந்த வாரமும் கழுத்துதான் விழுந்தது.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. "சொன்னியா?" என்று அவர் கேட்டதற்கு, "சொன்னேனுங்க. கூட்டம் ஜாஸ்தி," என்று முடித்துக்கொண்டாள்.

நஞ்சப்பனின் கறி ஞானம் வெறும் வாய்ச்சவடால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அதில் பாதிக்குமேல் ஒகேனக்கல் தடம். சந்தை நாளில் ஆட்டோடு ஏறுகிறவர்களுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்க வேண்டும். ஆட்டுக்காரன் பத்து கிலோ என்பான், பார்த்தால் இருபது தெரியும். தராசுக்கு எங்கே போவது? படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்று, ஆட்டின் முதுகுத்தண்டைக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்துவார், வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், எடையைச் சொல்லிவிடுவார். இப்படி ஆயிரக்கணக்கான ஆடுகளை அழுத்தி அழுத்தி, கடைசியில் அரை கிலோகூடத் தவற மாட்டார் என்று பேர் வாங்கினார். உறவில் எந்த வீட்டில் காதுகுத்து, கிடா விருந்து என்றாலும் சந்தைக்கு அவர்தான் முன்னால் நடப்பார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் விருந்து வைக்கிறவர்கள் நாலைந்து பேர். அவர் கையை வைத்து 'ம்' என்று சொன்ன ஆட்டைத்தான் அவிழ்ப்பார்கள்.

ஆக, உயிரோடிருக்கும் ஆட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆடு கறியான பிறகுதான் அவர் ஊகத்தில் இறங்கிவிடுவார். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பது உறவில் யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும்தான்.

தை மாதக் கடைசியில் அவருடைய தங்கை சென்னம்மாளின் பேரனுக்குக் கடத்தூரில் காதுகுத்து. அதற்குள் எழுந்து நடந்துவிட முடியுமா என்பதுதான் டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி. "மூணு மாசம் ஒழுங்காப் பயிற்சி பண்ணா சந்தைக்கு நடந்தே போலாம்," என்றார் டாக்டர். அன்றிலிருந்து காலை மாலை இரண்டு வேளையும் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். வலியில் பல்லைக் கடித்தாலும் எண்ணிக்கையை மட்டும் குறைக்க மாட்டார்.

மூன்றாவது வாரம் சோபனா கறிக்கடைக்குப் போகவில்லை. பள்ளி விட்டு வரும் வழியில், பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் துவரம்பருப்பு வாங்கப் போனாள். திங்கட்கிழமை சாயங்காலம். கடைசி வரிசைக் குளிர்பெட்டியில், ஞாயிற்றுக்கிழமை விற்காமல் மிஞ்சிய கறித் தட்டுகள் பாலித்தீன் போர்த்திப் படுத்திருந்தன. எல்லாவற்றின் மேலும் மஞ்சள் சீட்டு: பாதி விலை. தட்டில் இங்கிலீஷில் 'லேம்' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே தமிழில் 'மட்டன்' என்று ஒட்டியிருந்தது. இரண்டு மொழியும் படித்தவள் என்பதால், எந்த மொழியில் உண்மை எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. செம்மறிக் குட்டி.

ஆனால் தட்டில் கழுத்து இல்லை. ஜவ்வு இல்லை. யாரும் முறைக்கவில்லை, எந்த நஞ்சப்பன் என்று கேட்கவில்லை. இரண்டு தட்டு எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அதை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றி ஃப்ரீசரில் வைத்தாள். ஐஸில் வைத்த கறியும் பிணவறைப் பிணமும் ஒன்று என்பது மாமனாரின் கொள்கை. புதன்கிழமை அவர் தூங்கி எழுவதற்குள் எடுத்து, மேலாக இருந்த கொழுப்பைச் சீவி ஒதுக்கி, தயிரும் மஞ்சளும் பிசறி ஊறவைத்தாள். மல்லி, மிளகு, கசகசா வறுத்து அரைத்தாள். சின்ன வெங்காயத்தைத் தாராளமாக வதக்கினாள். செம்மறியின் மணம் மிளகுக்கும் கல்பாசிக்கும் அடியில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. கேழ்வரகுக் களி கிண்டி, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றி வைத்தாள்.

நஞ்சப்பன் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.

"எந்தக் கடை?"

"புதுக் கடைங்க மாமா. கோவிந்தன்னு ஒருத்தரு."

சூப்பர் மார்க்கெட் வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் காவலாளியின் சட்டையில் இருந்த பெயர் அது. அந்த நேரத்தில் வேறு பெயர் வாயில் வரவில்லை.

"எங்க இருக்குது?"

"பைபாஸ் தாண்டி, உள்ளாற ஒரு சந்துலங்க."

"வால்?"

"இருந்துச்சுங்க."

அவர் ஒரு எலும்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இயந்திர ரம்பத்தில் அறுத்த எலும்பு. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"ஒடஞ்சு நீட்டற சிம்பு ஒண்ணுகூட இல்ல பாரு. ஒரே வெட்டு. இது அம்பது வருசம் கத்தி புடிச்ச கை." மஜ்ஜையை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். "வத்தல்மலை மேய்ச்சல். தழை கடிச்ச ஆடு. கீழ்நாட்டு ஆட்டுக்கு இந்த ருசி வராது."

கோவிந்தன் அன்று பிறந்தான். பிறக்கும்போதே அவனுக்கு அறுபத்தைந்து வயது.

அதற்குப் பிறகு சோபனா அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் சேர்த்தால் பத்து வாக்கியம் தேறாது. மீதியை நஞ்சப்பனே கட்டிக்கொண்டார். "இவ்ளோ நல்லா வெட்டறவன் பென்னாகரத்துக்காரனாத்தான் இருக்கணும்," என்பார். "இருக்கும்ங்க," என்பாள். "மவன் தொழிலுக்கு வரலியா?" "தெரியலீங்க." "வர மாட்டான். இந்தக் காலத்துப் பசங்க எங்க வரானுங்க. பாவம் அந்தாளு, தனியாவே கெடந்து வெட்றான்." இப்படியாகக் கோவிந்தனுக்கு ஒரு ஊரும், உருப்படாத மகனும், இடுப்பு வலியும் சேர்ந்தன. கட்டிலில் கிடக்கிற மனிதனுக்கு வேறு சிநேகிதமும் இல்லை. தீபாவளிக்குக் கோவிந்தனுக்கென்று ஒரு ஈரிழைத் துண்டு வாங்கி வரச் சொல்லி, "நஞ்சப்பன் குடுத்தாருன்னு சொல்லு," என்று அவளிடமே கொடுத்தனுப்பினார். சோபனா அதைக் கொண்டுபோய் வாசல் காவலாளியிடம் நீட்டினாள். அவர் துண்டை வாங்கிக்கொண்டு, எழுந்து நின்று ஒரு சல்யூட் அடித்து, அவளுடைய பைக்கு டோக்கன் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குரு வருவான். அவனுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததிலிருந்து அவனுக்கு வீட்டுச் சாப்பாட்டில் ஆர்வம் கூடிவிட்டது. ஓசூரிலிருந்து மூங்கில் குச்சிகள் வாங்கி வந்து கபாப் போடச் சொன்னான். சோபனா சூப்பர் மார்க்கெட் கைமாவைக் கொத்தமல்லி, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை மாவோடு பிசைந்து, குச்சியில் பிடித்துத் தோசைக்கல்லில் உருட்டி வாட்டினாள். சீவி ஒதுக்கிவைத்த செம்மறிக் கொழுப்பையும் அதில்தான் சேர்த்தாள். கல்லில் கொழுப்பு நெய்யாக உருகிச் சொட்டிப் பொரிந்தது.

"இது என்னாடா, கோலா உருண்டைய நீட்டிவெச்ச மாதிரி," என்றபடி எட்டுக் குச்சியைக் காலி செய்தார் நஞ்சப்பன்.

"எப்புடிப்பா இருக்குது?" என்றான் குரு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"நெய்யப் பாரு எப்புடி எறங்குது. மலை ஆட்டுக்குத்தான் இந்த நெய் வரும். இதே செம்மறியா இருந்தா இந்நேரம் வூடே நாறிப்போயிருக்கும்."

குருவுக்குப் புரையேறியது. சோபனா தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். நாற்பது வருடமாக உறவு முழுவதற்கும் கறித் தீர்ப்பு சொன்னவரிடம், இத்தனை நாளாக நீங்கள் புகழ்ந்தது கம்பளியை என்று எப்படிச் சொல்வது? முதல் வாரம் சொல்லியிருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இப்போது சொன்னால் அவர் எழுந்து நடக்கிற நடையே நின்றுவிடும் என்று தோன்றியது.

மார்கழி கடைசியில் அவர் கைத்தடியோடு தெருமுனை வரை போய்வர ஆரம்பித்தார். பொங்கல் கழிந்த புதன்கிழமை, சென்னம்மாள் காதுகுத்துப் பத்திரிகையோடு வந்தாள். இலையில் உட்கார்ந்தவள், இரண்டாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டு, "எங்க கண்ணு வாங்கின கறிய?" என்று சோபனாவிடம் கேட்டாள்.

"நம்ம கோவிந்தன் கடை," என்றார் நஞ்சப்பன், தானே கடை வைத்திருக்கிற மாதிரி. எலும்பு வெட்டு, மேய்ச்சல், பென்னாகரம், இடுப்பு வலி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்ண்ணா. காதுகுத்துக்கு முப்பது கிலோ அந்தக் கோவிந்தன்கிட்டயே சொல்லிரு."

"எதுக்கு?"

"விருந்துக்குத்தான். சாமிக்கு வெட்ற கிடா எங்க வூட்டுலயே நிக்குது. மத்ததுக்கு எதுக்குச் சந்தைக்கு ஓடிக்கிட்டு, ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்து, உரிக்க ஆள் தேடிக்கிட்டு? இவன் வெட்டியே குடுத்துருவான்."

"நான் வர மாட்டனா சந்தைக்கு?"

"முட்டிய வெச்சுக்கிட்டு நீ எங்கண்ணா அந்தச் சேத்துல நடப்ப. எவ்ளோ நாளைக்குத்தான் நீயும் ஆட்டுப் பின்னாடியே சுத்துவ. வந்து சேர்ல உக்காந்து சாப்புடு."

சென்னம்மாள் அன்போடுதான் சொன்னாள். நஞ்சப்பன் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே படித்ததையே மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

சோபனா மொட்டை மாடிக்குப் போய்க் குருவுக்குப் போன் செய்தாள்.

"முப்பது கிலோங்க. நான் எங்க போவேன்?"

"கோவிந்தனுக்கு ஹார்ட் அட்டாக்னு சொல்லிரு."

"ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டுக் கெளம்பிருவாரு."

"செத்துட்டான்னு சொல்லு."

"எழவுக்கு மாலையோட வருவாரு. சிரிக்காதீங்க."

அவன் சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தான்.

வேறு வழியில்லை, குருவுக்கு ஷிப்ட் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள் சோபனா. குற்றம் ஒப்புக்கொள்ளப்போகிற அன்றைக்காவது யோக்கியமாக இருப்போம் என்று, விடியற்காலையில் எழுந்து பழைய கறிக்கடைக்கே போனாள். வாலைப் பார்த்தாள்; முடியோடு நட்டுக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்துக் குரலை எடுத்து, "தொடைல ஒரு கிலோ, கழுத்து வேணாம்," என்றாள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வெட்டினார். அசல் வெள்ளாட்டுக் கறியில், அதே மசாலாவில், அதே சட்டியில் குழம்பு வைத்தாள்.

நஞ்சப்பன் நான்கு நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. காலை நீட்டி மடக்குவதையும் விட்டிருந்தார். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தவர், மெதுவாக மென்றார். எலும்பைத் திருப்பிப் பார்த்தார். சிம்பு இருந்தது.

"கோவிந்தன் முன்ன மாதிரி இல்ல," என்றார்.

சோபனா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெட்டு சரியில்ல. வாடை அடிக்குது. எனக்கென்னமோ, இவன் செம்மறி கலக்கறான்னு தோணுது."

"இல்லீங்க மாமா. வால் பாத்துத்தான் வாங்கனேன்." மூன்று மாதத்தில் இந்த விஷயத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

"உனக்குத் தெரியாது. எனக்கு நாக்கு சொல்லுது."

அப்போதே தங்கைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் சென்னம்மாளின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "செம்மறியா? புதன்கெழமதான நானே சாப்புட்டன். நாலு பேருக்கு முன்னாடி சந்தையில நடக்க முடியலன்னு பொறாமைல பேசாதண்ணா. அந்தாளு என்னா பாவம் பண்ணான் உனக்கு?"

அவர் போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மீதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லலாம் என்று சோபனா வாயைத் திறந்தாள். இதுவரை சாப்பிட்டது செம்மறி, இன்று சாப்பிடாமல் தள்ளியது வெள்ளாடு என்று சொல்ல வேண்டும். இரண்டு மொழியிலும் அதைச் சொல்வதற்கு மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லை. இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவள் பள்ளிக்குக் கிளம்பி, கேட்டைத் திறந்தபோது, பின்னால் கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டது. நஞ்சப்பன் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். முகம் மழித்திருந்தார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். கல்யாணமாகி வந்த நான்கு வருடத்தில் அவர் அவளிடம் எத்தனையோ வேலை சொல்லியிருக்கிறார். இப்படித் தயங்கி நின்று அவள் பார்த்ததில்லை.

"சாயங்காலம் கோவிந்தன் கடைப் பக்கம் போவியா கண்ணு?"

"போவனுங்க மாமா."

"அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா நெனைக்க வேணாம்னு சொல்லு. நல்ல தொழில்காரன்தான், நேத்து நான் என்னமோ வாய்க்கு வந்தது பேசிட்டன்." கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "கடத்தூருக்கு முப்பது கிலோ கேட்டா, இந்த ஒரு தடவ முடியாதுன்னு சொல்லிரச் சொல்லும்மா. இடுப்பு வலின்னு சொல்லட்டும், ஆடு கெடைக்கலன்னு சொல்லட்டும், எதுவோ சொல்லட்டும். நான் கேட்டன்னு மட்டும் சென்னம்மாகிட்ட சொல்லிராத."